மூத்த விமானிகள் வழிவிட்டால் இளையோருக்கு வானம் திறக்குமா?

அண்மையில் கிள்ளானில் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். விமானப் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் முகப்பிடத்தில் ஒரு தந்தையும் மகனும் நின்றிருந்தார்கள். மகன் எஸ்பிஎம் எழுதி முடித்தவன். கையேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு லட்சம் வெள்ளிய்யா. வீட்டைத்தான் அடகு வைக்கணும். படிச்சு முடிச்சா வேலை கெடைக்குமா?" என்று அப்பா கேட்டார்.

"கெடைக்கும்பா. இப்ப இருக்கிற கேப்டனுங்க பாதிப் பேருக்கு மேல வயசானவங்க. இன்னும் கொஞ்ச வருசத்துல ரிட்டையர் ஆயிருவாங்க. அந்த எடமெல்லாம் எங்களுக்குத்தான்."

அப்பா சிரிக்கவில்லை. "அவங்க எறங்கலேன்னா?" என்று மட்டும் கேட்டார்.

மகனிடம் பதில் இல்லை. கையேட்டை மூடி வைத்துவிட்டான்.

அந்தத் தந்தை கேட்ட கேள்வியைத்தான் இன்று உலக விமானத் துறையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மூத்த விமானிகள் 65 வயதுக்கு மேலும் பறக்கலாமா? அல்லது அதற்கு முன்பே விலகி இளையோருக்கு வழிவிட வேண்டுமா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளையோருக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஒரு மூத்த விமானியை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்புவது தவறு. அதே சமயம், இப்போதுள்ள 65 என்ற எல்லையை மேலும் தள்ளிக்கொண்டே போவதும் தவறு. மூத்தவர்களிடம் நாம் கேட்க வேண்டியது நாற்காலியை மட்டும் அல்ல. அந்த நாற்காலியில் உட்காரும் தகுதியை நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

60, 65, 67: எண்களின் கதை

வயது எல்லை மருத்துவர்கள் மட்டும் கூடி முடிவு செய்த ஒன்று என்று பலர் நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் பயணிகள் விமானத்தின் விமானிகள் 60 வயதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற விதி 1959-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. வயது கூடினால் திடீர் மாரடைப்பு வரலாம், கவனம் குறையலாம் என்பது அரசு சொன்ன காரணம். ஆனால் அந்தக் காலக்கட்டத்தில்தான் ஜெட் விமானங்கள் சேவைக்கு வரத் தொடங்கியிருந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் விமானிகளை 60 வயதில் ஓய்வு பெறச் செய்ய முயன்றது. தொழிற்சங்கம் எதிர்த்தது. நடுவர் விசாரணையில் விமானிகள் பக்கமே தீர்ப்பு வந்தது. அதன் பிறகு அந்நிறுவனத்தின் தலைவர் சி.ஆர். ஸ்மித், அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் தலைவர் எல்வுட் கெசாடாவுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் விதி வந்துவிட்டது. பதவியிலிருந்து விலகிய பிறகு கெசாடா, அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் இயக்குநர் வாரியத்தில் இடம் பெற்றார்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "மூத்தவர்கள் போகட்டும், இளையவர்கள் வரட்டும்" என்ற குரல் எப்போதும் இளையோரின் வாயிலிருந்துதான் வருகிறது என்று நினைக்க வேண்டாம். சில வேளைகளில் அது கணக்குப் புத்தகத்திலிருந்தும் வருகிறது. மூத்த கேப்டனின் சம்பளம் அதிகம். புதியவரின் சம்பளம் குறைவு.

அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, 2006 நவம்பரில் எல்லையை 65 ஆக உயர்த்தியது. ஒரு நிபந்தனையும் விதித்தது. 60 வயதைத் தாண்டிய கேப்டன் பறந்தால், பக்கத்து இருக்கையில் இருப்பவர் 60 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும். 2014 நவம்பரில் அந்த நிபந்தனையும் எடுக்கப்பட்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் 65 என்ற இந்த எல்லையையே பின்பற்றுகின்றன. ஜப்பானோ 2015 முதல் 67 வயது வரை அனுமதிக்கிறது.

இப்போது 67 என்ற எண்ணைப் பல இடங்களில் கேட்கிறோம். அமெரிக்க மக்களவை 2023-இல் அதை ஏற்றது. ஆனால் 2024 மே மாதம் கையெழுத்தான இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. விமான நிறுவனங்களின் அனைத்துலகச் சங்கமான ஐயாட்டா, 2025-இல் ஐகாவோவின் பேரவையில் அதே கோரிக்கையை முன்வைத்தது. அது ஏற்கப்படவில்லை. ஆனால் கோரிக்கை மீண்டும் வரும். வரும்போது நாம் என்ன சொல்லப் போகிறோம் என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

காத்திருப்பவரின் வலி உண்மையானது

இளம் விமானிகளின் ஆதங்கத்தை "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று ஒதுக்கிவிட முடியாது.

நம் நாட்டில் ஒருவர் விமானியாகப் பயிற்சி பெற மூன்று லட்சம் ரிங்கிட் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் செலவாகிறது. பலர் கடன் வாங்கிப் படிக்கிறார்கள். 22, 23 வயதில் வணிக விமானி உரிமம் கையில் கிடைக்கும். அதோடு வேலை கிடைத்துவிடாது. கிடைக்கும் வரை உரிமத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, ஆண்டுதோறும் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதித் தேர்வு, அதற்காகச் சிமுலேட்டர் வாடகை என்று செலவு தொடரும். சம்பளம் இல்லாத ஒருவருக்கு இது பெரிய சுமை. இரண்டு மூன்று ஆண்டுகள் பறக்காமல் இருந்துவிட்டால், நிறுவனங்கள் அவரை விட்டுவிட்டு அந்த ஆண்டு வெளிவந்த புதியவரையே விரும்பும். மருத்துவம் படித்தவர் காத்திருந்தாலும் அவருடைய படிப்பு அவரோடு இருக்கும். விமானியின் கை, பறக்காவிட்டால் பழக்கம் விட்டுப்போகும்.

வயது எல்லை திடீரென்று மாறினால் இந்த வலி எப்படிக் கூடும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2007 டிசம்பர் 13-ஆம் தேதி, எல்லையை 60-இலிருந்து 65 ஆக்கும் சட்டத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். அது உடனே நடைமுறைக்கு வந்தது. அடுத்த வாரம் 60 வயதாகி வீட்டுக்குப் போக வேண்டியவர், இன்னும் ஐந்து ஆண்டுகள் பறக்கலாம் என்றாகிவிட்டது. வயது காரணமாக ஓய்வு பெறுவது ஐந்து ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட நின்றுபோனது. 2008-இன் பொருளாதார நெருக்கடியும் அதே சமயத்தில் வந்து சேர்ந்தது. துணை விமானிகள் துணை விமானிகளாகவே இருந்தார்கள். வரிசையின் கடைசியில் நின்றவர்கள் வேலை இழந்தார்கள். முந்தைய வாரம் 60 வயதாகி ஓய்வு பெற்றவருக்கும் அந்தச் சட்டத்தால் பெரிய நன்மை இல்லை. ஓரிரு நாள் வித்தியாசத்தில் ஒருவர் ஐந்து ஆண்டு பெற்றார். இன்னொருவர் வீட்டுக்குப் போனார்.

ஒரு நாற்காலி காலியானால்...

விமான நிறுவனங்களில் பதவி உயர்வு பெரும்பாலும் பணி மூப்பு வரிசைப்படி நடக்கும். பெரிய ரக ஏர்பஸ் ஏ330 விமானத்தின் கேப்டன் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இடத்துக்கு போயிங் 737 ரகத்தின் கேப்டன் ஒருவர் போவார். அந்த 737-இன் கேப்டன் இடத்துக்கு ஒரு மூத்த துணை விமானி உயர்வார். அந்தத் துணை விமானியின் இடத்துக்குத்தான் நம் கண்காட்சி மாணவனைப் போன்ற புதியவர் வருவார். ஒருவர் எழுந்தால் மூவர் நகர்கிறார்கள்.

இந்த அளவில் அந்த மாணவன் சொன்னது சரிதான். பொதுவாக ஒரு நாட்டின் பொருளாதாரத்தில் வேலைகளின் எண்ணிக்கை நிலையானது அல்ல. மூத்தவர் ஒருவர் வேலையில் நீடித்தால் இளையவர் ஒருவரின் வேலை பறிபோகும் என்று சொல்வது தவறான கணக்கு என்று பொருளியல் மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் விமானி அறை கொஞ்சம் வேறு. ஒரு விமானத்தில் இரண்டு இருக்கைதான். நிறுவனத்திடம் இத்தனை விமானம் என்றால் இத்தனை விமானிகள்தான். அடுத்த விமானம் வரும் வரை அந்த எண்ணிக்கை அசையாது.

ஆனால் அந்த மாணவன் ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூவர் நகர வேண்டுமென்றால், மூவருக்கும் பயிற்சி வேண்டும். புதிய ரக விமானத்துக்கு மாறுபவருக்குச் சிமுலேட்டர் பயிற்சி. கேப்டனாக உயர்பவருக்குப் பல மாதத் தலைமைப் பயிற்சி. புதியவருக்கு ஆரம்பத்திலிருந்து எல்லாப் பயிற்சியும். பயணிகளோடு பறக்கும் முதல் சில மாதங்களில் அவர் பக்கத்தில் பயிற்சி கேப்டன் ஒருவர் உட்கார வேண்டும். அந்தப் பயிற்சி கேப்டன்கள் யார்? பெரும்பாலும் நாம் "எப்போது போவார்கள்" என்று கேட்கும் அதே மூத்தவர்கள்தான். அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து போய்விட்டால் நாற்காலிகள் காலியாகும்; ஆனால் அவற்றில் உட்கார நம்மைத் தயார்படுத்த ஆள் இருக்காது.

2020 கற்றுத்தந்த பாடம்

இது வெறும் ஊகம் அல்ல. கோவிட் காலத்தில் நடந்தது.

2020-இல் விமானங்கள் தரையில் நின்றன. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வு பெறச் சொன்னன. ஆயிரக்கணக்கானோர் ஏற்றுக்கொண்டு போனார்கள். மூத்தவர்கள் வழிவிட்டால் இளையவர்களுக்கு இடம் கிடைக்கும் என்பது உண்மையானால், அந்த ஆண்டில்தான் இளையவர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் 2020 செப்டம்பரில் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. நம் நாட்டிலும் விமானிகள் பலர் வேலை இழந்தார்கள். விமானிச் சீருடையிலேயே சாப்பாட்டுக் கடை நடத்திய ஒரு கேப்டனின் படம் அப்போது செய்திகளில் வந்தது பலருக்கு நினைவிருக்கும். பறக்க விமானம் இல்லாதபோது, காலியான நாற்காலியால் யாருக்கும் பயன் இல்லை.

பிறகு 2022-இல் பயணிகள் திரும்பி வந்தார்கள். அப்போது அமெரிக்க நிறுவனங்களிடம் போதிய விமானிகள் இல்லை. ஆள் எடுத்தார்கள், ஆனால் எடுத்தவர்களைப் பயிற்றுவித்து விமானி அறைக்கு அனுப்பக் காலம் பிடித்தது. பயிற்சி கேப்டன்களும் சிமுலேட்டர் நேரமும் போதவில்லை. சிறிய ஊர்களுக்கான சேவைகள் குறைக்கப்பட்டன. அனுபவத்தை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பலாம். ஒரே நாளில் திரும்ப உருவாக்க முடியாது.

அப்படியானால் இளையோருக்கு இடம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2001 டிசம்பரில் ஏர் ஆசியா கைமாறியபோது அதனிடம் இரண்டே விமானங்கள் இருந்தன. ஒரு ரிங்கிட்டுக்கு, நான்கு கோடி ரிங்கிட் கடனோடு அது வாங்கப்பட்ட கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பின்னர் அந்தக் குழுமத்தின் விமானங்கள் 200-ஐத் தாண்டின. ஒரு சிறிய ரகப் பயணிகள் விமானத்தை நாள் முழுவதும் இயக்கப் பத்து விமானிகளாவது தேவைப்படுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேலைகள் எந்த மூத்தவரும் எழுந்து போனதால் வந்தவை அல்ல. புதிய வழித்தடங்கள் திறந்ததால், பேருந்திலும் ரயிலிலும் போனவர்கள் விமானத்தில் ஏறத் தொடங்கியதால் வந்தவை.

ஐந்து பேர் அமர்ந்திருந்த விமானி அறை

2010 நவம்பர் 4. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து சிட்னிக்குக் குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானம் புறப்பட்டது. உள்ளே 469 பேர். சில நிமிடங்களில், பாத்தாம் தீவுக்கு மேலே, இரண்டாம் எண் இயந்திரம் வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. மின்கம்பிகளும் எரிபொருள் குழாய்களும் அறுந்தன. விமானி அறையின் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

அன்று அந்த அறையில் ஐந்து விமானிகள் இருந்தார்கள். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி, ஒரு துணை விமானி, அவருக்கு இளையவரான இரண்டாம் நிலை விமானி. இவர்களோடு, கேப்டனைச் சோதிக்கும் பொறுப்புக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இன்னொரு கேப்டன். அவருடைய பயிற்சியை மேற்பார்வையிட மற்றொரு மூத்த கேப்டன். அதாவது கற்பவரும், கற்பிப்பவரும், கற்பிப்பவருக்குக் கற்பிப்பவரும் ஒரே அறையில் அமர்ந்திருந்தார்கள்.

அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கேப்டன் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். துணை விமானி எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அதற்கே ஒரு மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆனது. இரண்டாம் நிலை விமானி பயணிகள் பகுதிக்குப் போய் இறக்கையின் சேதத்தைக் கண்ணால் பார்த்து வந்தார். மற்ற இருவரும் கணக்கீடுகளைச் சரிபார்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு விமானம் சாங்கியில் தரையிறங்கியது. ஒருவருக்கும் காயம் இல்லை.

அந்த அறையில் இருந்த மூத்தவர்களை எடுத்துவிடுங்கள். அல்லது இளையவர்களை எடுத்துவிடுங்கள். அன்று நடந்த கதை வேறாக இருந்திருக்கலாம். விமானப் பயணத்தின் பாதுகாப்பு, ஒருவருடைய வயதில் இல்லை. தலைமுறைகள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காருவதில் இருக்கிறது.

நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் 2009 ஜனவரி 15 அன்று விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கருக்கு அப்போது வயது 57. உலகம் அவர் பெயரையே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருந்த ஜெஃப்ரி ஸ்கைல்ஸ், அந்த ரக விமானத்துக்கான பயிற்சியை அண்மையில்தான் முடித்திருந்தார். அதனால் அவசரகாலப் பட்டியல் அவருக்குக் கைவசம் இருந்தது. பழுத்த அனுபவமும் புதிய பயிற்சியும் சேர்ந்ததால் காப்பாற்ற முடிந்தது.

அப்படியானால் 67 ஆக்கிவிடலாமே?

மூத்தவர்களின் அனுபவம் இவ்வளவு மதிப்புமிக்கதென்றால், இன்னும் இரண்டு ஆண்டு பறக்கட்டுமே என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் நான் இளையோர் பக்கம் நிற்கிறேன்.

முதல் காரணம் உடல். விமானிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் தேர்வு எழுதுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே, பறக்கத் தகுதியற்ற முதியவர் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 40 முதல் 69 வயது வரையிலான 118 விமானிகளைச் சிமுலேட்டரில் மூன்று ஆண்டுகள் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் மூத்தவர்களின் மதிப்பெண் குறைவாக இருந்தது. ஆனால் ஆண்டுகள் போகப் போக அவர்களுடைய சரிவு இளையவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. திறமை மூத்தவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் இதயமும் மூளையும் திடீரென்று கைவிடும் ஆபத்து வயதோடு கூடுகிறது. அதை எந்தச் சிமுலேட்டரும் முன்கூட்டியே காட்டாது. 2009 ஜூன் 18-ஆம் தேதி, பிரசல்ஸிலிருந்து நியூவர்க் சென்ற கான்டினென்டல் விமானத்தில் 60 வயது கேப்டன் நடுவானில் இறந்துபோனார். மற்ற இரண்டு விமானிகள் 247 பயணிகளையும் பத்திரமாகக் கொண்டு சேர்த்தார்கள். பக்கத்தில் இருப்பவர் தகுதியானவராக இருந்தால் ஆபத்து பேராபத்து ஆகாது. ஆனால் எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். 65 என்ற கோடு இருபது ஆண்டுகளாகப் பழகிய கோடு.

இரண்டாவது காரணம் வாக்குறுதி. 19 வயதில் கடன் வாங்கிப் படிக்கத் தொடங்கும் ஒருவர், வரிசை எந்த வேகத்தில் நகரும் என்று கணக்குப் போட்டுத்தான் தொடங்குகிறார். அந்தக் கணக்கை நடுவழியில் மாற்றுவது நியாயமில்லை. மாற்றியே ஆக வேண்டுமென்றால் எப்படி மாற்றுவது என்பதற்குப் பக்கத்து நாட்டைப் பார்க்கலாம். சிங்கப்பூர் தன் பொதுவான ஓய்வு வயதை 2030-க்குள் 65 ஆகவும் மறுவேலை வயதை 70 ஆகவும் உயர்த்தும் என்று 2019-லேயே அறிவித்தது. 2022 ஜூலையில் 63 ஆனது. 2026 ஜூலையில் 64. படிப்படியாக, முன்கூட்டியே சொல்லி. ஒரே இரவில் ஐந்து ஆண்டைக் கூட்டிய அமெரிக்க முறைக்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு!

'மறுவேலை' என்ற அந்தச் சொல்லையும் கவனியுங்கள். ஓய்வு வயதை எட்டியவர் வேறு பொறுப்பில் தொடரலாம் என்பது அதன் பொருள். விமானிகளுக்கு இது அப்படியே பொருந்தும். 65 என்ற எல்லை பயணிகள் விமானத்தை இயக்குவதற்குத்தான். தரையில் நிற்கும் சிமுலேட்டரில் கற்பிப்பதற்கு அது தடை அல்ல. 30 ஆண்டு மழையிலும் இடியிலும் கோத்தா பாருவுக்கும் கூச்சிங்கிற்கும் பறந்த ஒருவர், 65-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் எதையும் மறந்துவிடப் போவதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, இளையோர் என்ற முறையில் நம் கோரிக்கை மூன்றாக இருக்க வேண்டும்.

முதலாவது, 65 அப்படியே இருக்கட்டும். பிற்காலத்தில் மாற்றம் வந்தாலும், பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்துப் படிப்படியாக வரட்டும்.

இரண்டாவது, 60 வயதைத் தாண்டிய கேப்டன்களின் பணி நேரத்தில் ஒரு பகுதி கற்பித்தலுக்கு ஒதுக்கப்படட்டும். 65-க்குப் பிறகு அவர்களைப் பயிற்சி மையங்களில் நல்ல சம்பளத்தோடு வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. புதியவர்களைச் சேர்க்கும் பொறுப்பை நிறுவனங்கள் ஏற்க வேண்டும். நல்ல காலத்தில் நூற்றுக்கணக்கில் சேர்ப்பது, கெட்ட காலத்தில் கதவை அடைப்பது, இடைப்பட்ட நட்டத்தை ஒரு குடும்பத்தின் வீட்டுக் கடனில் ஏற்றிவிடுவது என்ற நிலை மாற வேண்டும். அடுத்த இருபது ஆண்டுகளில் உலகுக்கு 6 லட்சத்து 74 ஆயிரம் புதிய விமானிகள் தேவை என்று போயிங் நிறுவனம் 2024-இல் கணித்தது. கல்லூரிகளின் கையேடுகளில் இப்படிப்பட்ட எண்களைப் பெரிய எழுத்தில் பார்க்கலாம். அது விமானம் விற்கும் நிறுவனத்தின் கணிப்பு என்பதை மறக்க வேண்டாம். உண்மையிலேயே அத்தனை பேர் தேவையென்றால், அவர்களைப் படிக்க வைக்கும் செலவில் நிறுவனங்களும் பங்கெடுக்கட்டும்.

இந்தக் கேள்வி விமானிகளோடு நிற்கப் போவதில்லை. நம் நாட்டில் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60. அதை 65 ஆக்குவது பற்றி 2025-இல் பேச்சு எழுந்தபோது, "எங்களுக்கு வேலை எங்கே?" என்று இளையோர் பலர் கேட்டார்கள். ஆசிரியராகவோ பொறியியலாளராகவோ ஆகப்போகும் நீங்களும் நாளை இதே வரிசையில் நிற்பீர்கள். அப்போதும் இதையே யோசியுங்கள்: மூத்தவர் எழுந்து போவதால் மட்டும் எனக்கு வேலை தெரிந்துவிடுமா? அவர் போகும்போது எதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்?

கண்காட்சியில் பார்த்த அந்தத் தம்பியிடம் அன்று எதுவும் பேசவில்லை. இன்று பார்த்தால் இதைச் சொல்வேன். தம்பி, பணம் கட்டுவதற்கு முன் முதல்தர மருத்துவப் பரிசோதனையைச் செய்துகொள். கல்லூரியிடம், கடந்த ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று பறக்கிறார்கள் என்று கேள். பதிலை எழுத்தில் வாங்கு. எந்த நிறுவனமாவது பயிற்சிக்கு முன்பே வேலை உறுதி தருகிறதா என்று தேடிப் பார். வானம் உன் கனவென்றால் போ; ஆனால் யாரோ ஒருவர் எழுந்து போவார் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து வீட்டை அடகு வைக்காதே.

"அவங்க எறங்கலேன்னா?" என்று கேட்ட அப்பாவுக்கும் பதில் இருக்கிறது. 65 வயதில் இறங்கத்தான் வேண்டும், ஐயா. இறங்கும்போது அவர்கள் உங்கள் மகனுக்குப் பக்கத்து இருக்கையில் சில ஆண்டுகளாவது உட்கார்ந்திருந்தால், அதுவே அவனுக்குக் கிடைக்கும் பெரிய சொத்து.